கிழக்கு வரப்பு வழியும் சவுரிராயன் எழுதிய கட்டுரையும்

சூசை மகன் சவுரிராயன், 1928 – 1989. கீழ்ப்புத்தேரிக் காலனியில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோப்பவராகப் பணி செய்தவர்.

கீழ்ப்புத்தேரி, விக்கிரவாண்டிக்கு வடக்கே நெடுஞ்சாலையை விட்டு மேற்கில் இரண்டு மைல் உள்ளடங்கிய ஊர். ஊருக்கும் ஏரிக்கும் நடுவே காலனி. அதில் நாற்பத்தேழு வீடுகள். அந்தத் தலைமுறையில் எட்டாம் வகுப்பு முடித்தவர் சவுரிராயன் ஒருவரே. 1952ஆம் ஆண்டு அவர் கிருஷ்ணசாமி என்பவருடைய அச்சகத்தில் சேர்ந்தார். அன்று தொடங்கி, காலையில் ஏழேகால் பேருந்து, மாலையில் ஆறரைப் பேருந்து என்பது அவருடைய வாழ்க்கையாயிற்று. இடைப்பட்ட நேரத்தில், சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி ஆகிய அனைத்தும் அவர் விரல்களின் வழியாகவே நாலு பேருக்குத் தெரியவந்தன. ஈய எழுத்துகளைத் தலைகீழாக வைத்தபடியே தடையின்றி வாசிப்பார். சந்திப்பிழை கண்டால் கேளாமலே திருத்துவார்.

“மாப்பிள்ள பேர மாத்திக் கோத்தாலும் கோப்பான், ஒற்றெழுத்த மட்டும் வுடமாட்டான் நம்ம சவுரி” என்று கிருஷ்ணசாமி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

சவுரிராயனுக்கும் மனைவி ஜெயத்துக்கும் ஒரே மகள், காந்திமதி. 1979ஆம் ஆண்டு, பத்தொன்பதாம் வயதில், மஞ்சள்காமாலை கண்டு பதினொரு நாளில் இறந்துபோனாள். காலனிக்குக் கிழக்கே, இரண்டு பர்லாங்கு தொலைவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். திங்கட்கிழமை இறந்த ஆன்மாக்களுக்கு உரிய நாள் என்பது அவர்கள் வழக்கம். அடக்கத்துக்கு மறு திங்கள் தொடங்கி, ஜெயம் ஒரு வாரமும் தவறாமல் மெழுகுவர்த்தி கொண்டுபோய் மகளின் தலைமாட்டில் ஏற்றிவைத்து, சற்று நேரம் பேசிவிட்டு வருவாள். பெரும்பாலும் கேப்பை விலை, கோழி அடைவைத்தது, பக்கத்து வீட்டுச் சண்டை. உயிரோடிருப்பவளிடம் பேசுகிற பேச்சேதான்.

கல்லறைக்குப் போகும் வழி சக்கரபாணி என்பவருடைய நிலத்தின் கிழக்கு வரப்பு. வரப்பு என்று பெயரே தவிர, ஆறடி அகலத்துக்குக் கெட்டிப்பட்டுக் கிடந்த பாதை அது. நடுவில் ஒரு கருங்கல் பலகை உண்டு. சுமப்பவர்கள் தோள் மாற்றுவதற்காகச் சவப்பெட்டியை அதன்மேல் இறக்கிவைப்பார்கள். இந்த வழியை விட்டால், ஏரியின் ஓடையை இறங்கிக் கடந்து ஒன்றேகால் மைல் சுற்றவேண்டும். மழைக்காலத்தில் ஓடையில் இடுப்பளவு நீர் ஓடும்.

1984ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த மறுவாரம், போன சுருக்கில் ஜெயம் திரும்பி வந்தாள். கையில் மெழுகுவர்த்தி ஏற்றப்படாமல் அப்படியே இருந்தது.

“இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?”

“வழி இல்லய்யா.”

“இல்லன்னா?”

“இல்லன்னா இல்ல. ஏரோட்டிட்டாங்க. கரும்பு வெக்கப் போறாங்களாம். முள்ளு வெட்டியாந்து அடச்சிக்கினு இருக்கறாங்க. பொட்டி எறக்கற கல்லையும் பேத்துக்கினு போயி மோட்டார் கொட்டாயாண்ட போட்டு அதுமேல துணி தொவைக்கறாங்க.”

அன்று மாலை காலனியே வேப்பமரத்தடியில் கூடியது. மண்வெட்டி வேலைக்குப் போகிற பச்சைமுத்து, பேச்சை வளர்க்கும் பழக்கம் இல்லாதவர்.

“இன்னாத்துக்கு அண்ணே யோசன? ஆளுக்கொரு கத்தி எடுத்தா ஒரு மணி நேரம். முள்ள வெட்டி எறிஞ்சிட்டு நடந்து போய்க்கினே இருக்கலாம்.”

“வெட்டினா போலீசு வரும், பச்சமுத்து. எழுதினா பதில் வந்தே ஆவணும்” என்றார் சவுரிராயன்.

எழுத்தின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அத்தகையது. அச்சில் ஏறிய நாளில் கல்யாணம் நடந்ததையும், அச்சில் ஏறிய பெயரால் ஒருவர் பெரியமனிதர் ஆனதையும் முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வந்தவர் அவர்.

திண்டிவனத்தில் வருவாய்த்துறை அலுவலர் ஒருவரிடம் மனுக் கொடுத்தார்கள். அலைந்து அலைந்து ஜூன் மாதம் அவரைப் பார்க்க முடிந்தது. இளவயதுக்காரர், நாற்காலி போடச் சொல்லிப் பேசினார்.

“வழி உங்களுக்குப் பாத்தியப்பட்டதுன்னு நீங்க சொல்றீங்க. அவரு இல்லேங்கறாரு. உங்க தரப்பு என்ன, அதுக்கு ஆதாரம் என்னன்னு விவரமா எழுதிக் குடுங்க. படிச்சிட்டு ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கறேன்.”

சவுரிராயனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது. அடிதடி என்றால் அவரால் ஆகாது. வக்கீல் வைக்க வசதியில்லை. எழுதச் சொன்னால் அவர் எழுதுவார். பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டுரைப் பயிற்சி நூல் ஒன்றை முன்னொரு காலத்தில் அவரே முழுதும் கோத்திருந்தார். முதலில் தன் கொள்கையைச் சொல்க. அடுத்துச் சான்றுகளை வலிமை ஏறும் வரிசையில் நிறுத்துக. எதிரி சொல்லக்கூடியதைத் தானே எடுத்துச் சொல்லி மறுக்க. இறுதியில் கொள்கையை மீண்டும் நிலைநாட்டுக. அந்தப் பக்கங்கள் மனப்பாடம்.

அதன் பின்னான பதினொரு வாரமும் அவர் சான்று தேடி அலைந்தார். பங்குக் கோவிலின் அடக்கப் பதிவேட்டை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து படியெடுத்தார். 1911 முதல் 1983 வரை கீழ்ப்புத்தேரிக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் நூற்று முப்பத்தெட்டுப் பேர். கடைசிக்குச் சற்று மேலே, நூற்று இருபத்தொன்பதாவது வரியில், தம் மகளின் பெயரையும் அதே கையெழுத்தில் படியெடுத்தார். வட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்து நிலத்தின் பழைய வரைபடம் பெற்றார். அதில் கிழக்கு ஓரமாக ஒரு புள்ளிக்கோடு ஓடிற்று. ஆனால், அது இன்னது என்று எழுதியிருக்கவில்லை. துணி துவைக்கப் பயன்படும் கல்லை, சக்கரபாணி சந்தைக்குப் போன நேரம் பார்த்து நூல்பிடித்து அளந்தார். ஆறடி இரண்டு அங்குல நீளம். மேற்புறம் பெட்டிகளின் உராய்வால் வழுவழுத்திருந்தது.

எல்லாவற்றிலும் வலுவான சான்று அச்சகத்திலேயே இருந்தது. அடிக்கிற ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒரு படியைக் கம்பியில் குத்திவைப்பது கிருஷ்ணசாமியின் வழக்கம். பரண்மேல் கிடந்த கட்டுகளை ஒரு வாரம் தும்மித் தும்மிப் புரட்டியதில், 1958ஆம் ஆண்டு அச்சான இறப்பு அறிவிப்பு ஒன்று கிடைத்தது. “அன்னாரின் நல்லடக்க ஊர்வலம் காலை 9 மணிக்குக் காலனியிலிருந்து புறப்பட்டு, கிழக்கு வரப்பு வழியாகக் கல்லறைத் தோட்டம் சென்றடையும்” என்று அதில் தெளிவாக இருந்தது. கோத்தவர் சவுரிராயனே.

“இருவத்தாறு வருசத்துக்கு முன்னாடியே சாட்சி ரெடி பண்ணி வெச்சிட்டியேயா! ஆளு கெட்டிக்காரன்தான்” என்றார் கிருஷ்ணசாமி.

கட்டுரையைக் கையால் எழுதிக் கொடுக்கச் சவுரிராயன் மனம் ஒப்பவில்லை. மதிய உணவு நேரங்களில், சோற்றை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, நேராக ஈயத்திலேயே கோத்தார். ‘வழி’ என்ற சொல் அத்தனை முறை வந்ததால், முதல் பக்கம் முடிவதற்குள் ‘ழி’ என்ற எழுத்துத் தீர்ந்துவிட்டது. எனவே ஒரு பக்கத்தைக் கோத்து, நாற்பது படி அச்சிட்டு, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்ட பிறகே அடுத்த பக்கத்தைத் தொட முடிந்தது. இவ்வாறு எட்டுப் பக்கம்.

கிருஷ்ணசாமி ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். “மனுன்னா அர பக்கம். இது இன்னாய்யா, மந்திரி ஊட்டுக் கல்யாணப் பத்திரிகைய விட நீளமாக் கீது? ஆபீசருக்குப் படிக்க லீவு குடுப்பாங்களா?” என்று கேட்டாலும், தாளுக்கோ மைக்கோ அவர் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

முன்னுரையின் இரண்டாம் வாக்கியத்தை மட்டும் சவுரிராயன் மும்முறை மாற்றிக் கோத்தார். எதிரியை முதலில் பெருமைப்படுத்திவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். பெரியவராக்கிப் பேசப்பட்ட மனிதர், சபையில் சிறியவராக நடந்துகொள்ளக் கூசுவார் அல்லவா? தவிர, ‘பெரியோர் நல்லாசியுடன்’ என்றோ ‘இறைவன் திருவருளால்’ என்றோ தொடங்காத தாள் ஒன்றை அவர் தம் வாழ்நாளில் கோத்ததில்லை. ஆகவே அந்த வாக்கியம் பின்வருமாறு அமைந்தது: “எதிர்மனுதாரர் உயர்திரு சக்கரபாணி அவர்களின் தந்தையாராகிய பெருந்தகையார் காலந்தொட்டு, அன்னாரின் தயவாலும் அனுமதியாலும் யாங்கள் இவ்வழியே சென்று வரலாயினோம்.”

கடைசிப் பக்கத்தின் அடியில், “இதில் கண்டவை யாவும் உண்மை, ஒரு சொல்லும் மிகையன்று” என்று தடித்த எழுத்தில் முடித்தார்.

செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. வேப்பமரத்தடியில் கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டினார். பதிவேட்டுப் பெயர்களைப் படிக்கும்போது, தங்கள் வீட்டுப் பெயர் வந்த இடங்களில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜெயம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டாள். நூற்று இருபத்தொன்பதாம் பெயர் வந்ததும் வீட்டுக்குள் போய்விட்டாள்.

பச்சைமுத்து மட்டும் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டிருந்தார்.

“அண்ணே, அந்தாளு தயவு நமக்கு எப்பண்ணே இருந்துச்சி? நாம பாட்டுக்கு நடந்தோம். எவனையும் கேக்கலியே.”

“அது மரியாதைக்குடா. பத்திரிகையில ‘தங்கள் வருகையை எதிர்நோக்கும்’னு போடறோம். வரலன்னா கல்யாணம் நின்னுடுதா?”

“இல்ல, கேக்காததக் கேட்டோம்னு…”

“எழுத்துல ஒரு மொற இருக்குது, பச்சமுத்து. மொட்டையாப் பேசினா எவன் படிப்பான்?”

படித்தவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை. நாற்பத்தேழு வீட்டாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். வெள்ளிக்கிழமை, 28ஆம் நாள், கட்டுரை திண்டிவனம் அலுவலகத்தில் பதிவாயிற்று. எதிர்த்தரப்புக்கும் ஒரு படி போயிற்று.

விசாரணை நவம்பர் 16 அன்று நடந்தது. சக்கரபாணி சலவை வேட்டியில் வந்து அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய வழக்கறிஞர் கையில் சவுரிராயன் அச்சிட்ட எட்டுப் பக்கத்தைத் தவிர வேறு காகிதமே இல்லை. அதைக் கண்டு சவுரிராயன் உள்ளூர மகிழ்ந்தார். எதிரிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றே அவர் எண்ணினார்.

வழக்கறிஞர் எழுந்தார். “சார், பதில் மனு எதுவும் நான் தாக்கல் செய்யலை. இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு நேர்த்தியான மனு நான் பார்த்ததில்லை. நூத்தி முப்பத்தெட்டு அடக்கமும் உண்மை. 1958 நோட்டீசும் உண்மை. கல்லும் உண்மை. ஒண்ணையும் நாங்க மறுக்கலை. முதல் பக்கம் ரெண்டாவது வாக்கியத்தை மட்டும் பாருங்க. ‘தயவாலும் அனுமதியாலும்.’ நாங்க சொல்லவேண்டியதை அவரே அச்சடிச்சுக் குடுத்துட்டாரு. அனுமதி குடுத்தவங்களுக்கு அதைத் திருப்பி வாங்கிக்கவும் அதிகாரம் உண்டு, சார்.”

அலுவலர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“பெரியவரே, இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமாங்க.”

“அனுமதி கேட்டுத்தான் அந்த வழியில போனீங்களா?”

“இல்லீங்க. யாரும் யாரையும் கேட்டதில்லீங்க.”

“அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?”

“மரியாதைக்குங்க.”

சுவரோரம் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அலுவலர் சிரிக்கவில்லை.

“மரியாதைக்குன்னா, அது உண்மை இல்லையா?”

உண்மை என்றால் வழி போயிற்று. பொய் என்றால் அதற்குக் கீழே எட்டுப் பக்கம் இருந்தது. அலுவலரே அதையும் சொன்னார். குரலில் கடுமை இல்லை.

“கடைசிப் பக்கத்தில ‘ஒரு சொல்லும் மிகையன்று’ன்னு போட்டிருக்கீங்க. ஒரு வரி பொய்யின்னு நீங்களே சொன்னா, மீதியில எது மரியாதைக்கு எழுதினதுன்னு இவங்க கேப்பாங்களே. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

பின்னாலிருந்து பச்சைமுத்து பொறுக்கமாட்டாமல் கத்தினார். “சாமி, அந்த ஒரு வரிய அடிச்சிட்டு மீதியப் படிங்க சாமி!”

“எழுத்து மூலமா குடுத்ததை நான் அடிக்க முடியாதுப்பா. அதுக்குக் கீழ நீயும் கைநாட்டு வெச்சிருக்கியே.”

பச்சைமுத்து தம் கட்டைவிரலைப் பார்த்தார்.

ஜனவரி மாதம் உத்தரவு வந்தது. ஒரு பக்கம்தான். நிலச் சொந்தக்காரரின் அனுமதியின்பேரில் வழி பயன்பட்டு வந்ததாக மனுதாரர்களே ஒப்புக்கொண்டிருப்பதால் வேலியை அகற்ற ஆணையிட முடியவில்லை என்றும், பாத்தியதை கோருவதாயின் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் கண்டிருந்தது. சவுரிராயன் அதில் ஒற்றுப்பிழை தேடினார். இரண்டு இருந்தன. அதனால் ஆவது ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் அவரும் பச்சைமுத்துவும் விழுப்புரம் போய் விருத்தாசலம் என்ற வயதான வழக்கறிஞரைப் பார்த்தார்கள். பச்சைமுத்துவின் தங்கை அந்த வீட்டில் வேலை செய்துவந்தாள். அவர் கட்டுரையை முழுவதும் படித்து, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இருபது வருஷம் யாரையும் கேக்காம, எங்க வழின்னு நடந்திருந்தா அது உரிமை. கேட்டு நடந்திருந்தா சலுகை. இவ்வளவுதான் சட்டம். உங்ககிட்ட எழுபது வருஷத்துக்கு ஆதாரம் இருக்கு. அதுக்குத் தலைமேல நீங்களே ஒரு கல்லைத் தூக்கி வெச்சிட்டீங்க.”

“ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?”

“முயற்சி பண்ணலாம். அது வெறும் சம்பிரதாய வார்த்தை, நிசத்தில ஒருத்தரும் அனுமதி கேட்டதில்லைன்னு சாட்சிகளை வெச்சு வாதாடலாம். ஃபீஸைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஆனா வழிய அடைச்ச நாள்லேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வழக்குப் போட்டாகணும். வர்ற டிசம்பருக்குள்ள போட்டுடுவோம். இன்னொண்ணு.” அவர் விரலை உயர்த்தினார். “அதுவரைக்கும் உங்க காலனியில ஒரு குஞ்சு குழந்தைகூட அவர்கிட்டப் போய் வழி கேக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை கேட்டாலும் அந்த வரி மெய்யாயிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் முடியாது.”

திரும்பும் பேருந்தில் பச்சைமுத்து ஒன்று சொன்னார். “போவுது வுடுண்ணே. இன்னும் ஒரு சான்சு கீதில்ல.” சவுரிராயனுக்கு அது வசவை விடக் கனத்தது.

அந்த ஆண்டு முழுவதும் ஜெயம் ஓடை வழியாகவே சுற்றிப்போய் வந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. இரண்டு முழங்காலிலும் வாதம். மூன்று மணி நேரம் ஆகும். கோடையில் சமாளித்தாள். ஐப்பசி பிறந்ததும் ஏரி நிரம்பி ஓடை பெருகிற்று. நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் திருநாளன்று, காலனியார் ஒருவர் கையை ஒருவர் பற்றி ஓடையைக் கடந்தபோது, ஜெயம் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடக்கால் மடங்கிவிட்டது. இருவர் அவளைத் தூக்கி வந்தார்கள்; கல்லறைக்கு அவள் போய்ச் சேரவில்லை.

முண்டியம்பாக்கத்திலிருந்து வந்து கட்டுப்போட்ட வைத்தியர், மட்டமான தரையில் கோலூன்றி மெல்ல நடக்கலாம், ஓடை இறங்குவதை அடியோடு மறந்துவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்.

திங்கள் வந்தது. ஜெயம் மெழுகுவர்த்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிழக்குப் பார்த்த வாசற்படியில் உட்கார்ந்தாள். அடுத்த திங்களும் அப்படியே. எதுவும் கேட்கவில்லை. சவுரிராயன் வேலைக்குக் கிளம்பியபோது இருந்த இடத்திலேயே, மாலையில் திரும்பியபோதும் இருந்தாள்.

“சாப்டியா?”

“அவகிட்ட வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்யா. கோழி எத்தினி குஞ்சு பொரிச்சிதுன்னு வந்து சொல்றேன்னேன். மூணு வாரம் ஆயிப்போச்சி. அம்மா செத்துட்டான்னு நெனச்சிக்குமோ அது?”

எட்டுப் பக்கம் எழுதியவருக்கு அந்த ஒரு கேள்விக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. வழக்குப் போட இன்னும் ஒரு மாதம் இருந்தது. வழக்குப் போட்டாலும் தீர்ப்பு வர எத்தனை ஆண்டு ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. ஜெயத்தின் கால் யாருக்கும் காத்திராது.

1985 நவம்பர் 25, திங்கட்கிழமை. சவுரிராயன் ஏழேகால் பேருந்துக்குப் போகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு சக்கரபாணியின் மோட்டார்க் கொட்டகைக்குப் போனார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மடை மாற்றிக்கொண்டிருந்த இருவர் இவரைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

“வா சவுரி. இன்னா சமாச்சாரம்?” என்றார் சக்கரபாணி.

“ஜெயத்துக்குக் கால் முடியலீங்க.”

“கேள்விப்பட்டேன். பாவம்.”

“கெழக்கு வரப்பால… ஒரு நட, கல்லறைக்குப் போய்ட்டு வரணும்ங்க.”

“போவட்டுமே. நானா வாணாங்கறேன்? பொம்பளப் புள்ள நொண்டிக்கினு சுத்தறதப் பாக்க எனக்கும் மனசு ஒப்பல.” சக்கரபாணி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பினார். “ஆனா கேக்கற மொறையில கேளு. நீ அழகா ஒரு வார்த்த எழுதியிருந்தியே. வக்கீலு கூடப் படிச்சிப் படிச்சிக் காட்டினாரு. இன்னா அது?”

சவுரிராயன் துவைகல்லைப் பார்த்தபடி நின்றார். மடைக்காரர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.

“தங்கள் தயவாலும்… அனுமதியாலும்.”

“ஆங். போய்ட்டு வரச் சொல்லு. வாராவாரம் போவட்டும். முன்னாடி ஒரு வார்த்த வந்து சொல்லிட்டா போதும்.”

அன்று பகலில் ஜெயம் கோலூன்றி, முள்வேலியில் திறந்துவிடப்பட்ட இடைவெளி வழியாக, கரும்பு வரிசைகளுக்கு நடுவே நடந்து போனாள். அவர் பின்னால் போனார். மெழுகுவர்த்தியை ஏற்றியதும், “பதினோரு குஞ்சும்மா. ரெண்ட பருந்து தூக்கிக்கினு பூட்டுது” என்று அவள் தொடங்கினாள். சவுரிராயன் சற்று எட்ட நின்று கொண்டார்.

செய்தி மாலைக்குள் காலனிக்கும், வாரத்துக்குள் விழுப்புரத்துக்கும் எட்டியது. மடைக்காரர் இருவரையும் சக்கரபாணி தரப்பில் சாட்சிகளாக எழுதி வைத்துக்கொண்டார்கள். விருத்தாசலம் ஒரு வார்த்தையும் எழுதாமல் காகிதக் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். வழக்கு போடப்படவில்லை. இரண்டு ஆண்டுக் கெடு ஜனவரியில் கடந்துபோயிற்று.

பச்சைமுத்து ஒருநாள் சவுரிராயன் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருப்பார் என்று சவுரிராயன் எழுந்து நின்றார். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராகவும் இருந்தார்.

“அண்ணிக்குக் கால் முடியலன்னு எங்களுக்குத் தெரியாதாண்ணே? கட்டில்ல ஒக்கார வெச்சி நாலு பேரு தோள்ல தூக்கிக்கினு ஓடைய தாண்டியிருப்போமே. வாரம் ஒருக்கா அது ஒரு பாரமா எங்களுக்கு? அவனப் போயிக் கேட்டியே, எங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

சவுரிராயனுக்கு அது தோன்றவே இல்லை. மனு எழுதத் தோன்றிற்று. சான்று தேடத் தோன்றிற்று. பெரியவரிடம் போய்க் கைகட்டி நிற்கத் தோன்றிற்று. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றவில்லை. அதைப் பச்சைமுத்துவிடம் சொல்ல முயன்றார். பச்சைமுத்து அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

காலனியில் இறந்தவர்களை மற்றவர்கள் ஓடை வழியாகவே சுமந்து போனார்கள். யாருடைய அடக்கத்துக்கும் யாரும் வரப்பு வழியைக் கேட்கவில்லை. சவுரிராயன் அந்த அடக்கங்களுக்குப் போவார். பெட்டிக்குத் தோள் கொடுக்க முன்வந்தால், அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

அச்சக வேலையை அவர் விடவில்லை. திங்கட்கிழமைகளில் மட்டும் கிருஷ்ணசாமி அவரை ஒன்பதரைப் பேருந்தில் வரச் சொல்லியிருந்தார். அந்தக் காலைகளில் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு மோட்டார்க் கொட்டகைக்குப் போய், சக்கரபாணி இருந்தால் அவரிடமும், இல்லாவிட்டால் அவருடைய ஆளிடமும் அந்தச் சொற்களைச் சொல்லிவிட்டு வருவார். ஒரு முறை, “வாராவாரம் இன்னாத்துக்குப் பேஜாரு, நீ பாட்டுக்குப் போய்ட்டு வா” என்று ஆள் சொன்னபோதும், சொல்லாமல் திரும்பவில்லை. கேளாமல் நடக்கும் துணிவு அவருக்கு இல்லாமற்போயிற்று.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு, தம் வீட்டில் அவர் இறந்தார்.

சவுரிராயன் கிழக்கு வரப்பு வழிக்குக் கடைசியாக அனுமதி கேட்டது, அந்த மாதம் 3ஆம் நாள், திங்கட்கிழமை.